பரந்தாமன் எழுதாத மனு

"அது நீங்கள்தானா?" என்று போன் கேட்டபோது பரந்தாமன் ஒரு கன்னத்தில் மட்டும் சவரம் முடித்திருந்தார்.

தெரு நலச் சங்கத்தின் இமெயில் கணக்குக்குள், இதுவரை பார்த்தறியாத ஒரு கம்ப்யூட்டரிலிருந்து யாரோ நுழைந்திருக்கிறார்களாம். நீங்கள் என்றால் இதை அழுத்தவும், இல்லையென்றால் அதை அழுத்தவும் என்று இரண்டு பொத்தான்கள். எதை அழுத்தினாலும் வம்புதான் என்று பரந்தாமனுக்குப் பட்டது. நுரை காய்ந்து கன்னத்தை இழுக்கும்வரை நின்று யோசித்துவிட்டு மனைவி வரலட்சுமியைக் கூப்பிட்டார். வீட்டில் போன் விஷயமெல்லாம் அவள் இலாகா.

வரலட்சுமி அடுப்பை அணைத்துவிட்டு வந்து படித்தாள்.

"எவனோ உள்ள பூந்துட்டான்," என்றாள். "அதுல திருடறதுக்கு இன்னா கீது?"

நியாயமான கேள்வி. அந்தக் கணக்கில் மனுக்கள் இருந்தன. பரந்தாமன் எழுதிய மனுக்கள். வேறு ஒன்றும் இல்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொள்கிற பரந்தாமன், அயனம்பாக்கம் ஏரியை ஒட்டிய தன் தெருவுக்குச் சங்கச் செயலாளரும்கூட. தெருவுக்கு இருந்த குறை ஒன்றே ஒன்றுதான். மழைநீர் வடிகால் கட்டிக்கொண்டே வந்தவர்கள், பெரிய கால்வாயைத் தொடுவதற்குச் சற்று முன்னால் டீ குடிக்கப் போனவர்கள் மாதிரி எழுந்து போய்விட்டார்கள். திரும்பி வரவில்லை. வடிகாலில் ஓடி வரும் தண்ணீர் அந்த இடத்தில் முட்டிக்கொண்டு தெருவுக்குள்ளேயே திரும்பிவிடும்.

திரும்புகிற தண்ணீர் முதலில் போவது தாழ்ந்த கோடியில் இருக்கும் வேம்புலியம்மாள் வீட்டுக்கு. அவர் வீட்டிலேயே கிரைண்டர் போட்டு இட்லி மாவு அரைத்து விற்றுப் பிழைப்பவர். போன மழைக்குக் கிரைண்டர்கள் மூழ்கி மோட்டார் எல்லாம் வீணாய்ப் போயின. இந்த வருஷமும் தண்ணீர் உள்ளே வந்தால், வந்த விலைக்கு வீட்டைத் தள்ளிவிட்டுத் திருமழிசைப் பக்கம் போய்விடுவேன் என்று சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற பெண்மணி. ஐப்பசி நெருங்கிக்கொண்டிருந்தது.

பரந்தாமனும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. மாதம் தவறாமல் மனு அனுப்பினார். அவருடைய மனு, ஏரி தோன்றிய காலத்தில் ஆரம்பிக்கும். தெருவின் பெருமை, தெருவில் பிறந்து பெரிய உத்தியோகத்துக்குப் போனவர்கள், பொறியாளர் பெருமக்களின் அயராத தொண்டு என்று வரிசையாக வந்து, அதிகாரியின் குடும்பம் நீடூழி வாழவேண்டும் என்று முடியும். வடிகால் சமாசாரம் பின்குறிப்பில் வரும். எடுத்த எடுப்பில் கேட்பது மரியாதை இல்லை என்பது அவர் கட்சி.

மேலதிகாரி அலுவலகத்திலிருந்து ஒவ்வொரு தடவையும் தவறாமல் பதில் வந்துவிடும். 'தங்கள் வாழ்த்து கிடைக்கப்பெற்றது. நன்றி.'

பதில் வருகிற மாதிரி மனு எழுதுகிறவர்கள் இந்த வட்டாரத்தில் எத்தனை பேர் என்று பரந்தாமன் கேட்பார். எண்ணிப் பார்த்தால் யாரும் இல்லைதான்.

வரலட்சுமி கணக்கைத் திறந்து அனுப்பிய கடிதங்களைப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் மேலே புதிதாக ஒன்று இருந்தது. அதைப் பரந்தாமன் எழுதவில்லை. ஆனால் கீழே 'பரந்தாமன், செயலாளர்' என்று இருந்தது. அவள் உரக்கப் படித்தாள்.

'ஐயா, எங்கள் தெரு வடிகால், கால்வாயோடு இணைக்கப்படாமல் பாதியில் நிற்கிறது. அதனால் போன மழையில் மூழ்கிய வீடுகளின் படங்களை இணைத்திருக்கிறோம். மீதி வேலைக்கு வேண்டிய இடம் முழுவதும் அரசுக்குச் சொந்தம். யாருடைய மதிலையும் இடிக்க வேண்டியதில்லை. மழைக்கு முன் முடிக்கலாம். இந்தப் பகுதி உதவிப் பொறியாளர் நாற்காலியில் உட்கார்ந்து தூங்குகிறார். அவரை எழுப்பவும்.'

அவ்வளவுதான். அது போயிருந்ததும் நேராக மேலதிகாரிக்கு.

பரந்தாமன் போனை வாங்கித் தானே ஒருமுறை படித்தார். கோபம் வந்தது. மறுபடி படித்தார். பயம் வந்தது. இன்னொரு முறை படித்தபோது வந்ததுதான் விபரீதம். அவருக்கு அது பிடித்துப்போயிற்று. இத்தனை வருஷமாக மனு எழுதுகிறோமே, 'அவரை எழுப்பவும்' என்று இரண்டு வார்த்தை நமக்கு வரவில்லையே என்று நெஞ்சுக்குள் ஒரு ஏக்கம் எழுந்தது. கெட்டிக்காரன், எவன் பெற்ற பிள்ளையோ என்று வாய்விட்டே சொல்லிவிட்டார்.

"நம்ம ஊட்டுக்குத் திருட வந்தவன் பாத்திரத்த கழுவி வெச்சிட்டுப் போய்க்கீறான்," என்றாள் வரலட்சுமி.

இருந்தாலும் திருடன் திருடன்தானே. இன்றைக்கு வடிகால் கேட்டவன் நாளைக்கு அவர் பேரில் என்னென்ன கேட்பானோ. கணக்கைப் பூட்டிவிடுவது என்று முடிவாயிற்று. பழைய பாஸ்வேர்டு என்னவென்று வரலட்சுமி கேட்டாள். பரந்தாமனுக்குத் தெரியாது. போனுக்குத்தான் தெரியும், அது பாட்டுக்குப் போட்டுக்கொள்ளும். அவள் தலையில் அடித்துக்கொண்டு, நுழைந்திருந்த எல்லாக் கம்ப்யூட்டர்களையும் ஒரே தட்டில் வெளியேற்றினாள். புது பாஸ்வேர்டு வைக்கும் பொறுப்பைப் பரந்தாமனே ஏற்றுக்கொண்டார். தன் மனுவின் முதல் வாக்கியத்தை அப்படியே ஆங்கில எழுத்தில் அடித்தார். திரை நிறைந்து வழிந்தது. 'மிகவும் வலுவானது' என்று கணக்கு ஒப்புக்கொண்டது. அவர் எழுத்தைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதே இல்லை. அன்று முழுவதும் அவர் சந்தோஷமாகவே இருந்தார்.

அந்த வாரத்திலேயே தெருவில் ஒரு ஜீப் வந்து நின்றது. சர்வேயர் ஒருவர் டேப்பும் கையுமாக இறங்கினார். வடிகாலை அளந்தார், கால்வாயை அளந்தார், நடுவில் இருக்கும் காலியிடத்தை அளந்தார். அளந்து முடித்ததும் இங்கே பரந்தாமன் யார் என்று கேட்டு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். இந்த வேலைக்கு உதவிப் பொறியாளர் இரண்டு மூன்று தடவை மதிப்பீடு போட்டு அனுப்பியாயிற்றாம். பொதுமக்கள் யாரும் கேட்கவில்லையே என்று ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்துவிடுமாம். இந்த மனுவை மேலதிகாரி கூட்டத்தில் எழுந்து நின்றே படித்தாராம்.

கேட்டுக்கொண்டிருந்த தெருவுக்கு ஒரே பூரிப்பு. வேம்புலியம்மாள் ஒரு தூக்கு நிறைய மாவோடு வந்துவிட்டார்.

"அண்ணே, எழுப்பவும்னு எழுதினியாமே," என்றார். "எனுக்கு வயிறு குளுந்துபோச்சு. ஊட்ட விக்கறதப் பத்தி இனிமே பேசமாட்டேன்."

நான் எழுதவில்லை அம்மா என்று சொல்லப் பரந்தாமன் வாயைத் திறந்தார். அதற்குள் தூக்கு அவர் கைக்கு வந்துவிட்டது. கையில் மாவை வைத்துக்கொண்டு உண்மையைச் சொல்வது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. மறுநாள் காலை வீட்டில் எல்லோருக்கும் பஞ்சு மாதிரி இறங்கிய இட்லி, அவருக்கு மட்டும் தொண்டையிலேயே நின்றது.

அதோடு விட்டிருந்தால்கூட அவர் தப்பித்திருப்பார். மேலதிகாரி அலுவலகத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது. வடிகாலையும் கால்வாயையும் இணைத்தால், கால்வாய் நிரம்பும்போது அந்தத் தண்ணீர் தெருவுக்குள் எதிர்த்து ஏறாதா, உடனே விளக்கம் அனுப்பவும் என்று கேட்டிருந்தார்கள்.

பரந்தாமன் தொழிற்சாலைக்கு லீவு போட்டுவிட்டுப் பதில் எழுதினார். சுருக்கமாக, வெட்டு ஒன்று துண்டு இரண்டாக எழுதவேண்டும் என்றுதான் உட்கார்ந்தார். கை கேட்கவில்லை. ஏரியில் ஆரம்பித்துவிட்டது. அடித்தார், திருத்தினார், ஏரியை மட்டும் எடுத்துவிட்டுத் தெருவின் பெருமையில் ஆரம்பித்தார். கடைசியில் அதிகாரியின் குடும்பத்தை வாழ்த்தாமல் முடிப்பதற்கும் மனசு வரவில்லை.

பதில் உடனே வந்தது. 'தங்கள் வாழ்த்து கிடைக்கப்பெற்றது. நன்றி. கேட்ட விளக்கம் வராததால் கோப்பு நிறுத்தி வைக்கப்படுகிறது.'

சர்வேயர் வரவில்லை. வானகரம் பக்கமிருந்து மேகம் மட்டும் தவறாமல் வந்தது. வேம்புலியம்மாள் காலையும் மாலையும் வாசலில் வந்து நின்று, வேலை எப்போது என்று கேட்டார். கிரைண்டரை இறக்கி வைக்கலாமா, கட்டில் மேலேயே இருக்கட்டுமா என்பது அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. பரந்தாமன் பின்பக்கமாக வேலைக்குப் போய்வர ஆரம்பித்தார்.

"நல்லா எழுதறவன வெளிய தள்ளி கதவ சாத்தினது யாரு, நாமதான்," என்றாள் வரலட்சுமி. "தொறந்து வைங்க. அவனே வந்து எழுதிக்குவான்."

பூட்டுவதற்கு ஊரெல்லாம் வழி சொல்கிறார்கள். திருடனுக்குக் கதவு திறந்து வைப்பது எப்படி என்று சொல்ல ஆளில்லை. பழைய பாஸ்வேர்டையே திரும்ப வைத்துவிட்டால் அவன் வந்துவிடுவான். ஆனால் அது என்னவென்று அவனுக்குத்தான் தெரியும். பரந்தாமன் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்ற இடத்தை அழுத்தினால் ஏதாவது வழி பிறக்கும் என்று நினைத்து அழுத்தினார். கணக்குக்கு இப்போது அவர்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. நீங்கள்தான் என்று நிரூபியுங்கள், எட்டில் முடியும் போன் எண்ணுக்கு ஒரு ரகசியக் கோடு எண் அனுப்பியிருக்கிறோம் என்றது.

அவர் எண் எட்டில் முடியாது. வரலட்சுமியின் எண்ணும் முடியாது.

"உள்ள வந்தவன் அவன் நம்பரப் போட்டுட்டுப் போய்க்கீறான்," என்றாள் வரலட்சுமி, கொஞ்சம் மரியாதையோடு.

பரந்தாமன் குத்துமதிப்பாகச் சில கோடுகளைப் போட்டுப் பார்த்தார். கணக்கு அவரைப் போனிலிருந்தும் வெளியேற்றிவிட்டு, பிறகு வாருங்கள் என்றது. தானே வைத்த அந்த நீளமான பாஸ்வேர்டும் எழுத்துக்கு எழுத்து அவருக்குத் திரும்ப வரவில்லை. ஆப்பைப் பிடுங்கிய குரங்கின் கதிதான். சங்கத்தின் செயலாளர் சங்கத்துக்கு வெளியே நின்றார். உள்ளே யாரும் இல்லை.

இல்லை என்றுதான் அவர் நினைத்தார். ஆனால் அடுத்த வாரம் சர்வேயர் சுண்ணாம்புப் பொடியோடு வந்து தெருக்கோடியில் கோடு போட ஆரம்பித்தார். வேலைக்கு அனுமதி வந்துவிட்டதாம். உங்கள் இரண்டாவது விளக்கம் வந்த மறுநாளே கையெழுத்தாயிற்று என்று சொல்லித் தன் போனில் அதைக் காட்டினார்.

'கால்வாய் மட்டம் தெருவைவிடத் தாழ்வு. பெருவெள்ளத்துக்கு ஒரு தடுப்புக் கதவு வைத்தால் போதும். வரைபடம் இணைப்பில் உள்ளது. இதெல்லாம் உதவிப் பொறியாளருக்குத் தெரியும். எடுத்துச் சொல்லத்தான் அவருக்கு வாய் வலிக்கிறது.'

வரைபடம்கூடப் போட்டிருந்தான் அந்த மகராசன். பரந்தாமனுக்குக் கண் கலங்கிவிட்டது. கதவைச் சாத்தினோம், திட்டினோம், பூட்டு மேல் பூட்டாகப் போட்டோம்; அத்தனையையும் பொறுத்துக்கொண்டு திரும்பி வந்து நமக்காக எழுதியிருக்கிறானே, இப்படி ஒரு மனிதனைப் பார்க்க முடியுமா என்று நினைத்தார்.

சர்வேயர் போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். தூங்குகிறீர்களாமே, வாய் வலிக்கிறதாமே என்று விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து உதவிப் பொறியாளருக்கு மெமோ வந்திருக்கிறதாம். பாவம் அந்த அம்மா, வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது என்றார்.

பரந்தாமனுக்குச் சுருக்கென்றது. தன் பெயரில் போன கடிதத்தால் ஒரு பெண் பிள்ளை மெமோ வாங்கியிருக்கிறது. போய் உண்மையைச் சொன்னால் மனு போலி என்று ஆகிவிடும். போலி மனுவுக்குக் கொடுத்த அனுமதி நிற்காது. மழை வந்துவிடும். வேம்புலியம்மாள் சாமான் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். சொல்லாவிட்டாலோ, தூங்காத ஒரு பெண்ணைத் தூங்குகிறாள் என்று ஊர் சொல்லும். இரண்டில் எதைச் செய்தாலும் ஒரு பெண்ணின் பாவம். அவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

"நீங்க போயி உள்ளத சொல்லிட்டு வாங்க," என்றாள் வரலட்சுமி. "உண்மைய பின்குறிப்புல போடாதீங்க. மொதல்லயே சொல்லுங்க."

அவளைக் கட்டிக்கொண்டு வந்தது தன் வாழ்க்கையில் தான் செய்த ஒரே சுருக்கமான, தெளிவான காரியம் என்று பரந்தாமனுக்கு அப்போது தோன்றியது.

உதவிப் பொறியாளர் அலுவலகத்தில் மேடம் இன்னும் வரவில்லை. கன்னியப்பன் என்கிற அலுவலக உதவியாளர் அவரை உட்கார வைத்தார். எந்தத் தெரு, என்ன பெயர் என்று கேட்டார். பெயரைச் சொன்னதும் ஒரு மாதிரி சிரித்துவிட்டு, ஓடிப்போய் டீ வாங்கி வந்தார். அரசு அலுவலகத்தில் பரந்தாமனுக்கு யாரும் டீ கொடுத்ததில்லை. மெமோ வாங்கிக் கொடுத்தவன் எப்படி இருக்கிறான் என்று பார்க்கிறார்கள் போலும் என்று நினைத்துக் குனிந்துகொண்டு குடித்தார்.

மோகனப்பிரியா மேடம் வந்தபோது ஷூவில் முழுக்கச் சேறு. காலையிலிருந்து கால்வாயில் நின்றுவிட்டு வந்திருந்தார். பரந்தாமனின் மூத்த மகள் வயசுதான் இருக்கும். பரந்தாமன் எழுந்து நின்று, வணக்கம்கூடச் சொல்லாமல் ஆரம்பித்துவிட்டார். அந்த இரண்டு கடிதத்தையும் தான் எழுதவில்லை, எவனோ கணக்குக்குள் நுழைந்து எழுதிவிட்டான், வடிகால் நின்றுபோனாலும் சரி, உங்கள்மேல் வந்த பழி போகவேண்டும் என்று ஒரே மூச்சில் சொன்னார். அவர் ஆயுளில் அவ்வளவு நேராக எதையும் சொன்னதில்லை.

மேடம் குனிந்து ஷூவின் சேற்றைத் துடைத்துக்கொண்டே கேட்டார். நிமிரவில்லை.

"அதுல எழுதியிருந்தது உண்மையா, பொய்யா சார்?"

"வடிகாலப் பத்தி எழுதினது உண்மைதான்மா."

"அப்ப யார் எழுதினா என்ன? வேலை நிக்காது. மழைக்கு முன்னாடி முடிச்சிடுவேன்."

"உங்களத் தூங்கறதா எழுதிக்கீதே. மெமோ வந்துச்சாமே."

"பதில் எழுதிட்டேன் சார், இனிமே முழிச்சிக்கிட்டே இருக்கேன்னு," என்று சொல்லிவிட்டு மேடம் சிரித்தார். மேலிடத்தில் படித்ததே அந்த ஒரு வரியைத்தானாம். அது இல்லாவிட்டால் மற்றதைப் படித்திருக்கமாட்டார்களாம். பிறகு முகத்தைக் கண்டிப்பாக வைத்துக்கொண்டு, கணக்கை இப்படித் திறந்துபோட்டு வைக்கக்கூடாது, பாஸ்வேர்டை மாற்றி, உங்கள் எண்ணைச் சேர்த்துப் பூட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகவேண்டும் என்று சொன்னார். தெரியாவிட்டால் கன்னியப்பன் செய்து தருவார் என்று சொல்லிவிட்டு, டேப்பை எடுத்துக்கொண்டு மறுபடியும் சைட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

ஒரு சுடுசொல் இல்லை. தன்னைத் திட்டியவன் கணக்கு பத்திரமாக இருக்கவேண்டும் என்று கவலைப்படுகிற அதிகாரியை அவர் இதுவரை பார்த்ததில்லை. படியிறங்கிப் போகிற அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றார். இந்த மாதிரி ஒரு பிள்ளையையா அவன் தூங்குகிறாள் என்று எழுதினான் என்று, அதுவரை கொண்டாடிய திருடன்மேல் அவருக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது.

வராந்தாவில் கன்னியப்பன் அவர் போனை வாங்கி, பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்ற இடத்தை அழுத்தினார். எட்டில் முடியும் எண்ணுக்குக் கோடு அனுப்பியிருக்கிறோம் என்றது கணக்கு. அது நம்ம நம்பர் இல்லை, அந்தத் திருடனுடையது என்று பரந்தாமன் சொல்லி முடிப்பதற்குள், கன்னியப்பனின் சட்டைப்பையில் போன் கீச்சென்றது. கன்னியப்பன் அதை எடுத்துப் பார்த்து, நிதானமாகக் கோடைப் போட ஆரம்பித்தார்.

பரந்தாமன் அந்த விரலையே பார்த்தார்.

"போன வருசம் குறைதீர் முகாம்ல உனுக்கு இமெயில் தொறந்து குடுத்ததே நான்தான் சார்," என்றார் கன்னியப்பன். "உன் போன்ல சார்ஜ் இல்ல. என் நம்பரப் போட்டு, பாஸ்வேர்டும் நானே வெச்சேன். நீ எங்கள வெளிய தள்ளினப்புறம் ஒரு நாள் என் போனுக்கு ஒரு கோடு வந்துச்சு. சரி, சார்தான் உள்ள வரச் சொல்லிக் கூப்புடறாரு போலன்னு நெனச்சிக்கினோம்."

பரந்தாமனுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. தேடிக்கொண்டிருந்த மனிதர், தனக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு எதிரே நிற்கிறார். கன்னியப்பனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீதானாப்பா அத எழுதினது? மேடத்தத் திட்டினதுதான் எனுக்குப் புடிக்கல. ஆனா அந்த எழுத்து இருக்குதே, இந்த ஜென்மத்துல எனுக்கு வராது."

கன்னியப்பன் கூச்சத்தோடு கையை உருவிக்கொண்டார்.

"ஐயோ சார், அந்தத் திட்டு மட்டும்தான் நான் எழுதினது. மத்ததெல்லாம் மேடமே எழுதினாங்க, தன்னத்தானே திட்டிக்க மட்டும் அவங்களுக்குக் கை வரல."